ஒரு டிகிரி

இன்னைக்கு ஒரு கார் கதை. கார்னதும் மைலேஜ், ஈ.எம்.ஐ., ரோட்டுல போகும்போது குழந்தைகள் தூங்குமான்னெல்லாம் யோசிக்காதீங்க. இது 1990-ம் வருசத்து ஃபோர்டு மஸ்டாங். எனக்கு முன்னாடி பிறந்த வண்டி. அதோட எஞ்சினை நான் எப்படிக் காலி பண்ணினேன்ங்கிறதுதான் கதை. கூடவே அதை ஒன்பது நாள் எப்படி மறைச்சேன்ங்கிறதும்.

2022-ல டெட்ராய்ட் பக்கம் ஆன்சைட் வந்தேன். ரூம் மேட் நம்ம ஊர்க்காரன். மெக்கானிக்கல் படிச்சுட்டுப் பொட்டி தட்டிக்கிட்டிருக்குற லட்சக்கணக்கான பாவப்பட்ட ஜீவன்கள்ல அவனும் ஒருத்தன். நான் ஈ.சி.இ. தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின கடனை அடைச்சு முடிச்ச அடுத்த மாசம், பயபுள்ள 11 ஆயிரம் டாலர் கொடுத்து இந்த மஸ்டாங்கை ஓட்டிக்கிட்டு வந்து வாசல்ல நிறுத்தினான். "என்னடா இது?"ன்னு கேட்டேன். "மச்சி, எனக்குன்னு நான் வாங்குன முதல் பொருள்டா"ன்னான். அதுக்கு மேல என்ன கேக்குறது?

5 லிட்டர் வி8 எஞ்சின். ஃபேக்டரியை விட்டு வரும்போது 225 குதிரைச் சக்தி. முந்தைய ஓனர் அதுமேல ஒரு சூப்பர்சார்ஜரை மாட்டி வெச்சிருந்தார். எஞ்சினோட பெல்ட்டுலயே சுத்தி, காத்தை அமுக்கி உள்ள திணிக்குற சமாச்சாரம். கூடவே ஒரிஜினல் கம்ப்யூட்டரைக் கழட்டிப் போட்டுட்டு மெகாஸ்குவர்ட்டுனு ஒரு பெட்டியை வெச்சிருந்தார். புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போன்னு ரெண்டு பேர் 2001-ல ஆரம்பிச்சது. நாமளே சால்டர் வெச்சுப் பத்த வைக்கிற கிட். லேப்டாப்பை ஒயரால இணைச்சா எஞ்சினோட மூளை மொத்தமும் திரையில விரியும்.

அந்தத் திரையைப் பார்த்த நிமிசம் எனக்கு சனி பிடிச்சுது. ஏன்னா அங்க இருந்தது எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒண்ணு. டேபிள்!

*

கதைக்குத் தேவையான அளவுக்கு மட்டும் கொஞ்சம் பாடம். தெரிஞ்சவங்க இந்தப் பகுதியைத் தாண்டிக் குதிச்சுடலாம்.

டிராக் ரேஸ்னா நேர்கோட்டுல கால் மைல், அதாவது 1,320 அடி. ரெண்டு கார் நிக்கும், விளக்கு எரியும், மிதிக்கணும். அவ்வளவுதான். ஓடி முடிச்சதும் ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பாங்க. முதல் 60 அடிக்கு எவ்வளவு நேரம், மொத்தம் எவ்வளவு நேரம், கோட்டைத் தாண்டும்போது எத்தனை மைல் வேகம்னு எல்லாம் அதுல இருக்கும். மொத்த நேரம் டயர் பிடிமானத்தையும் டிரைவரோட காலையும் பொறுத்து மாறும். எஞ்சினோட சக்தி கூடிச்சா குறைஞ்சுதான்னு தெரியணும்னா கடைசி வேகத்தைத்தான் பார்க்கணும். இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

இந்த விளையாட்டுக்கு ஒழுங்குமுறை கொண்டுவர வாலி பார்க்ஸ் என்.ஹெச்.ஆர்.ஏ. அமைப்பை ஆரம்பிச்சது 1951-ல. அங்க ப்ரோ ஸ்டாக் பிரிவுல கார்புரேட்டரைத் தூக்கிட்டு எலக்ட்ரானிக் ஃப்யூயல் இன்ஜெக்சனைக் கட்டாயமாக்கினது 2016-லதான். வீட்டு கார்களுக்கு வந்து ஏறத்தாழ ஒரு தலைமுறை கழிச்சு!

இன்ஜெக்சன்ல நடக்குறது இதுதான். எஞ்சினுக்குள்ள போற காத்தோட அழுத்தம், சூடு, எஞ்சின் சுத்துற வேகம் இந்த மூணையும் வெச்சுக் கம்ப்யூட்டர் "இப்ப இவ்வளவு காத்து உள்ள போகுது"ன்னு கணக்குப் போடும். அதுக்கு ஏத்த பெட்ரோலைத் தெளிக்க இன்ஜெக்டரை எத்தனை மில்லி செகண்ட் திறந்து வெக்கணும்னு முடிவு பண்ணும். எரிபொருளுக்கு 256 கட்டம் உள்ள ஒரு டேபிள். சாதாரணமா 14.7 பங்கு காத்துக்கு 1 பங்கு பெட்ரோல். சூப்பர்சார்ஜர் முழு அழுத்தத்துல இருக்கும்போது 11.5-க்கு 1. கூடுதலா ஊத்துற பெட்ரோல் எரியுறதுக்காக இல்லை, உள்ள குளிர்விக்குறதுக்காக. 6,000 ஆர்.பி.எம்-ல எஞ்சினோட ஒரு முழுச் சுற்று, அதாவது கிராங்க் ரெண்டு தடவை சுத்துறது, 20 மில்லி செகண்ட்ல முடிஞ்சுடும். எல்லாம் அதுக்குள்ள நடக்கணும்.

அடுத்தது இக்னிசன் டைமிங். அதுக்கு 144 கட்டம் உள்ள இன்னொரு டேபிள். பெட்ரோல் கலவை படக்குன்னு வெடிக்குறதில்லை, பத்திப் பரவ நேரம் பிடிக்கும். அதனால பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு முன்னாடியே ஸ்பார்க் கொடுத்துடணும். எவ்வளவு முன்னாடிங்கிறதுதான் டிகிரி. தாமதமாக் கொடுத்தா சக்தி சைலன்சர் வழியா வீணாப் போகும். ரொம்ப சீக்கிரம் கொடுத்தா, பிஸ்டன் மேல ஏறிக்கிட்டிருக்கும்போதே உள்ள அழுத்தம் எகிறி, மூலையில இன்னும் எரியாம இருக்குற கலவை தானாவே பத்தி டமார்னு அறையும். இதுக்குப் பேர் நாக்கிங். நம்ம ஊர்ல ஏத்தத்துல டாப் கியர்ல திணறுற வண்டி 'டிங் டிங்'னு தட்டுமே, அதோட பெரியண்ணன். 6,000 ஆர்.பி.எம்-ல ஒரு டிகிரிங்கிறது சுமார் 28 மைக்ரோ செகண்ட். நல்ல எஞ்சினுக்கும் செத்த எஞ்சினுக்கும் நடுவுல அப்படி ரெண்டு மூணு 28 மைக்ரோ செகண்ட்தான் இருக்கும்.

பாடம் முடிஞ்சுது :-)

*

மிலன்னு ஒரு ஊர். இத்தாலி இல்லைங்க, டெட்ராய்ட்டுல இருந்து ஒரு மணி நேரம். அங்க இருக்குற டிராக் ஸ்ட்ரிப்புல யார் வேணும்னாலும் சொந்த வண்டியைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்குற மாதிரி சாயங்காலங்கள் உண்டு. 2023 மே மாசத்துல இருந்து நாங்க போக ஆரம்பிச்சோம். அவன் டிரைவர். ஹெல்மெட் போட்டுக்கிட்டு உள்ள உட்காருவான். நான் 'டியூனர்'. மடியில லேப்டாப்போட பிட்டுல ஒரு மடக்கு நாற்காலி.

அங்கதான் பெரியவர் பழக்கமானார். எஞ்சின் ஃபேக்டரியில முப்பது வருசத்துக்கு மேல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவர் வண்டியில கார்புரேட்டர்தான். என் லேப்டாப்பை 'டிவி'ம்பார். "டிவியில என்ன ஓடுது?"ன்னுதான் ஆரம்பிப்பார். (அவர் பேசினது இங்கிலீஷ்ல. நான் நம்ம பாஷையில எழுதுறேன்.)

முதல் நாளே ஒரு கேள்வி கேட்டார். "டிவி 10 டிகிரிங்குது. எஞ்சின் என்ன சொல்லுது?" எனக்குப் புரியலை. டைமிங் லைட்டைக் கொண்டுவந்து, எஞ்சின் முன்னாடி சுத்துற டேம்பர் சக்கரத்து மேல அடிச்சுக் காட்டினார். திரையில 10, சக்கரத்துல 13! கம்ப்யூட்டர்ல 3 டிகிரி தள்ளி சரி பண்ணினோம். அதோட விட்டாரா? "இந்த சக்கரத்துக்கு நடுவுல ரப்பர் இருக்கு. முப்பது வருசத்துல அது வழுக்கி, கோடே இடம் மாறியிருக்கலாம். பிஸ்டன் நிஜமா எங்க நிக்குதுன்னு பார்த்தியா?"ன்னார். அதையும் பார்த்தோம். நல்லவேளை, கோடு இடம் மாறலை.

அவர் சொல்லிக் கொடுத்த விதி ரொம்ப எளிமையானது. "ஒரு டிகிரி கொடு, ஓட்டு. கடைசி வேகம் ஏறிச்சுன்னா வெச்சுக்கோ. ஏறலைன்னா அந்த டிகிரியைத் திருப்பிக் கொடுத்துடு. அது உன்னுது இல்லை."

22 டிகிரியில 12.94 செகண்ட், 106.8 மைல். 23-ல 12.86, 107.9 மைல். 24-ல 12.85, அதே 107.9 மைல்.

விதிப்படி 23-க்குத் திரும்பியிருக்கணும். இல்லையா? நான் திரும்பலை. நூறில் ஒரு செகண்ட் குறைஞ்சிருக்கே, அது எனக்குப் பெருசாத் தெரிஞ்சுது. அவன்கிட்ட "22-லயே வெச்சிருக்கேன்டா, மத்ததெல்லாம் பெட்ரோல் டேபிள்ல பண்ணின வேலை"ன்னு ஒரு பில்டப் விட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு இப்பவும் சரியாச் சொல்லத் தெரியலை. நான் ஏதோ வித்தை பண்ணினேன்னு அவன் நினைக்கணும்னு ஆசை. வேற என்ன?

அது முதல் தப்பு. ரெண்டாவதுதான் பெரிய தப்பு.

வரிசையில கால் மணி நேரம் நின்னா பானெட்டுக்குள்ள எல்லாம் கொதிக்கும். உள்ள போற காத்தோட சூட்டை அளக்குற சென்சாரும் சேர்ந்து சூடாகும். காத்து சூடா இருந்தா நாக்கிங் வரும்னு, கம்ப்யூட்டர் தானா 3, 4 டிகிரியைக் குறைச்சுடும். அதுக்குன்னு தனியா ஒரு குட்டி டேபிள் உண்டு. இதனால ஒவ்வொரு ஓட்டத்துலயும் முதல் பாதி மந்தமாப் போச்சு. லாகைப் பார்த்தேன். மே மாசக் குளிர் காத்துல வண்டி ஓட ஆரம்பிச்சதும் அந்தச் சூடு சரசரன்னு இறங்குது. ஆக, சென்சார் 'பொய்' சொல்லுது. அந்தக் குட்டி டேபிள் முழுக்க 0 போட்டுட்டேன். கோப்பை 'ஃபைனல் 2'-ன்னு சேமிச்சேன். எங்கேயும் எழுதி வைக்கலை. யார்கிட்டயும் சொல்லலை.

ஆபீஸ்ல ராத்திரி ரெண்டு மணிக்கு அடிச்சு எழுப்புற அலர்ட்டை "சும்மா சும்மா கத்துது"ன்னு அமுக்கி வைப்போமே, அதேதான். மே மாசத்துல நான் சொன்னது சரிதான். மே மாசத்துல மட்டும்.

*

ஜூலை மாசத்துல ஒரு சாயங்காலம். புழுக்கம்னா அப்படி ஒரு புழுக்கம், நம்ம சென்னை மாதிரியே. சூப்பர்சார்ஜர் காத்தை அமுக்கும்போது அது இன்னும் சூடாகும். அதைக் குளிர்விக்க எங்க வண்டியில இன்டர்கூலர் கிடையாது. நாக் சென்சாரும் கிடையாது. முதல் ஓட்டம் 13.02. மெதுவா இருக்கேன்னு யோசிச்சேன். பெரியவர் வந்து, "ஒரு பிளக்கைக் கழட்டு, பார்க்கலாம்"ன்னார். கையில வழக்கம்போல லென்ஸ். எஞ்சின் கொதிக்குது, யார் கழட்டுறது? "லாக் எல்லாம் சுத்தமா இருக்கு"ன்னு லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். "டிவி சுத்தமாத்தான் இருக்கும்"னு சொல்லிட்டுப் போயிட்டார்.

ரெண்டாவது ஓட்டம். ஆயிரம் அடி தாண்டியிருப்பான். பின்னாடி நீலமும் வெள்ளையுமா புகை. சத்தம் மாறிடுச்சு. கொஞ்ச நேரத்துல வண்டி ஓரமா நின்னுடுச்சு. என் கால் நடுங்கின நடுக்கம் எனக்குத்தான் தெரியும். அவன் இறங்கி, ஹெல்மெட்டைக் கழட்டி, குனிஞ்சு வண்டிக்கு அடியில எண்ணெய் கொட்டியிருக்கான்னுதான் முதல்ல பார்த்தான். அடுத்தவன் டயர் வழுக்கிடக் கூடாதேன்னு. நல்லவேளை, டிராக்கில் ஒரு சொட்டுகூட இல்லை.

மறுநாள் கம்ப்ரசன் பார்த்தோம். ஏழு சிலிண்டர் நல்லா இருக்கு. ஏழாம் நம்பர்ல காத்தே நிக்கலை. அன்னைக்கு ராத்திரி அவன் தூங்கினதும் லாகைத் திறந்தேன். காத்தோட சூடு ஏறிக்கிட்டே போகுது, ஓட ஆரம்பிச்ச பிறகும் இறங்கலை. டைமிங் 24-லயே கல்லு மாதிரி நிக்குது. அந்தக் குட்டி டேபிள் இருந்திருந்தா அந்த இடத்துல 19, 20-தான் இருந்திருக்கும். காத்து-பெட்ரோல் கணக்கு சுத்தமா இருந்துச்சு, ஆனா அதை அளக்குற சென்சார் ஒரு பக்கத்து நாலு சிலிண்டரும் சேர்ந்து விடுற புகையைப் பார்த்துத்தான் சொல்லுது. ஏழாம் நம்பர் தனியாக் கதறினது அதுக்கு எப்படிக் கேக்கும்?

அவனுக்கு என்ன தோணுச்சு தெரியுமா? பெட்ரோல் கலப்படம். அன்னைக்கு வழக்கமான பங்க்கை விட்டுட்டு வேற ஒரு பங்க்ல 93 ஆக்டேன் போட்டிருந்தான். "அவன் ஏதோ மட்டமான சரக்கைப் போட்டுட்டான் மச்சி, நான்தான் அவசரப்பட்டு அங்க போனேன்"ன்னு பார்க்குறவங்ககிட்டயெல்லாம் புலம்பினான். நான் "உம்" கொட்டினேன். ஒன்பது நாள். சொன்னா நம்புவீங்களா, ஒரு கட்டத்துல எனக்கே அந்த பங்க்காரன் மேல கோவம் வந்துச்சு.

ஒன்பதாவது நாள், சனிக்கிழமை. ஹெட்டைக் கழட்டிட்டோம். பெரியவர் பார்க்க வந்தார். ஏழாம் நம்பர் பிஸ்டனோட ஓரம் எலி கடிச்ச ரொட்டி மாதிரி இருந்துச்சு. பிளக்கை எடுத்து லென்ஸ் வெச்சு வெயில்ல பார்த்தார். எங்களையும் பார்க்கச் சொன்னார். வெள்ளைப் பீங்கான் மேல மிளகுத் தூள் தூவின மாதிரி சின்னச் சின்னப் புள்ளி, நடுவுல பளபளன்னு சில துணுக்கு. அந்தப் பளபளப்பு பிஸ்டனோட அலுமினியம்.

"அன்னைக்கு எத்தனை டிகிரி?"ன்னு கேட்டார்.

"22"ன்னான் அவன். சட்டுன்னு, ஒரு நொடி யோசிக்காம. நான் சொன்னதை அப்படியே நம்பினவன் வேற எப்படிச் சொல்லுவான்?

பெரியவர் என்னைப் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. லென்ஸை மடிச்சு சட்டைப் பையில போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டார்.

*

அன்னைக்கு ராத்திரி ரசம் சாதம் சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போது சொன்னேன். 24 டிகிரி, குட்டி டேபிள்ல 0, எல்லாம். அவன் சாப்பிடுறதை நிறுத்தலை.

"எப்ப மாத்துன?"

"மே மாசம்டா."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா வேணாம்னு சொல்லியிருப்பே."

தட்டைக் கழுவி வெச்சுட்டு வந்தான். எஞ்சினுக்காகத் திட்டுவான்னு காத்திருந்தேன். செலவைக் கேட்பான்னு நினைச்சேன், மனசுக்குள்ள கணக்குகூடப் போட்டு வெச்சிருந்தேன்.

"உள்ள நான்தானடா உட்கார்ந்திருந்தேன்" அப்படின்னான். அவ்வளவுதான். போய்ப் படுத்துட்டான்.

107 மைல்னா 170 கிலோமீட்டருக்கு மேல. அந்த வேகத்துல எண்ணெய் பின் டயர்ல பட்டிருந்தா? அந்த ஒன்பது நாள்ல எஞ்சின், காசு, என் மானம்னு எல்லாத்தையும் யோசிச்சிருக்கேன். இதை யோசிக்கலை. மானிட்டர்ல வேலை பார்த்துப் பார்த்து, நம்பர் மாத்துறது எனக்கு நம்பர் மாத்துறதாவே ஆயிடுச்சு. தப்பாப் போனா பழைய கோப்பை ஏத்திக்கலாம். 'ஃபைனல் 1' இன்னும் பத்திரமாத்தான் இருக்கு. பிஸ்டன்தான் இல்லை.

ரெண்டு வாரம் தேவைக்கு மட்டும் பேசினான். உப்பு எங்க, வாடகை கட்டியாச்சா, இந்த அளவுக்கு. அப்புறம் ஒரு நாள் அவனா வந்து, "பிஸ்டன் செட்டு ஆர்டர் போடப் போறேன், பாதி காசு நீ கொடு"ன்னான். முழுசாத் தர்றேன்னேன். "பாதி போதும். மீதிக்கு வேலை செய்"ன்னான். அந்தக் குளிர்காலம் முழுக்க, மைனஸ்ல இருக்குற கராஜ்ல விரல் விறைச்சுப் போய், கேஸ்கெட்டு சுரண்டினேன். நான்தான் அதிகம் சுரண்டினேன், அதுல சந்தேகமே வேணாம்.

இப்ப வண்டியோட டேஷ்போர்டுல ஒரு நாப்பது பக்க நோட்டு கயித்துல தொங்குது. எந்தக் கட்டத்துல எந்த நம்பரை மாத்தினாலும் தேதி, பழைய நம்பர், புது நம்பர், காரணம் எழுதணும். கீழே ரெண்டு பேர் கையெழுத்து. ஓட்டுறவன் கையெழுத்து இல்லாம வண்டி நகராது. குட்டி டேபிள் பழையபடி உயிரோட இருக்கு. சென்சாரை மட்டும் சூடு தாக்காத இடத்துக்கு மாத்தினோம். 'பொய்' சொல்லுதுன்னு நான் வாயை அடைச்சதுக்குப் பதிலா முதல்லயே பண்ணியிருக்க வேண்டிய வேலை அது. மொத்தமே அரை மணி நேர வேலைதான்.

2024 ஜூன்ல மறுபடி மிலன் போனோம். 22 டிகிரி, நிஜமாவே 22. 12.97 செகண்ட், 106.5 மைல். முன்னைவிட மெதுவு. சீட்டை வாங்கிக்கிட்டு அவன் சிரிச்ச சிரிப்பை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததில்லை.

பெரியவர் வந்தார். கேக்குறதுக்கு முன்னாடியே நான் பிளக்கைக் கழட்டி வெச்சிருந்தேன், விரல் சுட்டாலும் பரவாயில்லைன்னு. லென்ஸ் வெச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "சுத்தமா இருக்கு. இன்னும் ஒரு டிகிரி தாங்கும்"னார்.

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல "வேணாம்"னோம். தமிழ்லயே. அவருக்கு அது எப்படியோ புரிஞ்சுடுச்சு.

வரட்டுமா மக்களே? உங்க புராஜெக்ட்ல எங்கேயாவது "சும்மா கத்துது"ன்னு எதையாவது அமுக்கி வெச்சிருந்தா, நாளைக்குப் பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ஒன்பது நாள் ரொம்ப நீளம்ங்க.